நல்ல சம்பளத்துக்கு ஆசைப்படுவது கிறிஸ்தவப் பார்வையில் பேராசையா? வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைச் சபைக்குக் கொடுத்துவிட்டால் போதுமா?

சம்பளம் கூடினால் நல்லது என்று நினைப்பதை வேதம் பாவம் என்று சொல்லவில்லை. ‘பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது’ என்றுதான் அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதினார். சரி, தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது? எனக்கு அது பிடிபட்டது லூக்கா 12-ஆம் அதிகாரத்தில்.

அங்கே பேச்சு ஆரம்பிப்பதே சொத்துத் தகராறில். கூட்டத்தில் ஒருவன், ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்கிறான். இயேசு அந்தப் பஞ்சாயத்துக்கு வர மறுத்துவிட்டு, ஒரு பணக்காரனின் கதையைச் சொல்கிறார். அவன் யாரையும் ஏமாற்றவில்லை, கூலியைப் பிடித்துக்கொண்டதாகவும் இல்லை. நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். வைக்க இடம் போதவில்லை என்றதும் பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கிறான். என் தானியம், என் களஞ்சியம் என்றே பேசுகிறான். வேறொரு மனிதன் அவன் நினைப்பிலேயே வருவதில்லை. அன்று ராத்திரியே உயிர் போகிறது. ஆக, கேள்வி எவ்வளவு வந்தது என்பதைப் பற்றியதல்ல. மிஞ்சியது எங்கே போனது என்பதுதான்.

இதை வாழ்ந்து காட்டியவர் ஜான் வெஸ்லி, 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் வருஷ வருமானம் 30 பவுண்டு; 28-இல் வாழ்ந்துகொண்டு 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் செலவு அதே 28, கொடுத்தது 32. பிறகு 90 ஆனது, 120 ஆனது. 28 மட்டும் மாறவே இல்லை. 1776-இல் வரித்துறை அவரிடமுள்ள வெள்ளிப் பாத்திரங்களுக்குக் கணக்குக் கேட்டது. லண்டனில் இரண்டு தேக்கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு. சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கையில் இனி வாங்கப் போவதில்லை என்று பதில் எழுதினார். விலைவாசி ஏறுகிற நம் காலத்தில் செலவை அப்படியே நிறுத்திவைக்க முடியாதுதான். ஆனால் இன்கிரிமென்ட் வருவதற்கு முன்பே ‘இவ்வளவு போதும்’ என்று ஒரு தொகையை முடிவு செய்துவைக்கலாம். வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தால் கார் வாங்கும் ஆசைதான் ஜெயிக்கும்.

ஏழைகளுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அம்மா உலைக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்தே ஒரு பிடி அள்ளிச் சபைக்கென்று தனி டப்பாவில் போடுவார். அதிகப்படியாக ஒரு பிடி அளந்து போடலாமே என்றால், அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்; கொடுப்பது நம் சாப்பாட்டிலிருந்தே குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் இதே வழக்கம் 1910 முதல் நடக்கிறது. அந்தச் சபையின் ஊழியச் செலவில் நல்ல பங்கு அந்தச் சமையலறைகளிலிருந்துதான் வருகிறது.

இடையில் ஒன்று. ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4-ஆம் அதிகார வசனத்தைப் பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் கடவுளின் வாக்குறுதியாக அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றித்தான் பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார்.

தசமபாகத்துக்கு வருவோம். பத்தில் ஒன்றைக் கட்டிவிட்டால் மிச்ச ஒன்பதும் நம் இஷ்டம் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுத்தான், ஏழை விதவை ஒருத்தி தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாள். அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்கிறது 2 கொரிந்தியர் 9. பத்து சதவீதத்தில் தொடங்கலாம், தப்பில்லை. அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள்.