மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் முஸ்லிம்கள் தமிழரைவிட வசதியா? ஈட்டுக் கவுண்டரில் இருந்து பார்த்த கதை

கேள்வி கேட்டவர் இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் இருந்து அறுகம்பைக்கு வேனில் போயிருக்கிறார். வழியில் காத்தான்குடி மெயின் வீதியையும், நடுவே வரிசையாக நிற்கிற பேரீச்ச மரங்களையும், இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட கடைகளையும் பார்த்திருக்கிறார். அடுத்தடுத்த தமிழ் ஊர்களில் அந்தப் பளபளப்பைக் காணவில்லையாம். "இந்தப் பக்கம் முஸ்லிம்கள் தமிழரைவிட வசதியா? அப்படியென்றால் ஏன்?" என்று கேட்கிறார்.

நான் ஆரையம்பதிக்காரன், தமிழன். காத்தான்குடிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு மதில்தான் இடைவெளி. ஒரு வங்கியில் நகை ஈடு (அடகு) பிடிக்கிற பகுதியில் 11 வருடம் வேலை செய்தேன். முதலில் மட்டக்களப்பு டவுனில், மறுகா அக்கரைப்பற்றில். (மறுகா என்றால் பிறகு. எங்கள் ஊர்ச் சொல், விட மனமில்லை.) ஒரு வீட்டில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பது பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், ஈட்டுக் கவுண்டரில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேன் ஜன்னல் கணக்கைப் பார்த்துவிடலாம். காத்தான்குடியின் பணம் முழுக்க வீதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஒழுங்கைகளுக்குள் (சந்துகளுக்குள்) நடந்து பாருங்கள். 2012 கணக்கெடுப்பில் அங்கே 40 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்ட சனம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் இருக்கிற சில சதுர கிலோமீட்டருக்குள்தான் அத்தனை பேரும். மாடி வீட்டைக் கண்டதும் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது மகளுக்கு வீடு கட்ட நிலம் இல்லாததால் மூத்த மகளின் தலைக்கு மேலே கட்டியிருப்பார்கள். மேல்தட்டு பூசப்படாமல் பத்து வருடம் கிடக்கும். தமிழரின் சொத்து வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், வயலாகவும் மாடாகவும் கிடக்கிறது. தமிழரின் வறுமையும் அதே படுவான்கரையில்தான். அறுகம்பை வேன் அந்தப் பக்கம் போகாது.

எண்கள் கேட்பவர்களுக்கு: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 கணக்குப்படி நாட்டில் 4.1 சதவீதமானவர்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே. மட்டக்களப்பில் அது 11.3, அம்பாறையில் 2.6. மட்டக்களப்பில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறையத் தமிழர். அம்பாறையில் முஸ்லிம்கள்தான் ஆகக்கூட, தமிழர் சுமார் 17 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு "பார்த்தீர்களா, தமிழர் கூடின இடத்தில் வறுமை கூட" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நானும் ஒருகாலம் கட்டியவன்தான். ஆனால் அம்பாறையின் 2.6-க்குள் கல்லோயாத் தண்ணீர் பாய்கிற சிங்களக் குடியேற்றங்களும் தெஹியத்தகண்டியும் இருக்கின்றன. திருக்கோவில் தமிழனும் பொத்துவில் முஸ்லிமும் அந்தச் சராசரிக்குள் மூழ்கிப்போகிறார்கள். மட்டக்களப்பின் 11.3-க்குள் காத்தான்குடி ஒழுங்கைக்காரனும் ஓட்டமாவடி விறகுகாரனும் இருக்கிறார்கள். மாவட்ட எண் மாவட்டத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. போதாததற்கு 2022-இல் நாடு விழுந்த விழுகையில் இவை எல்லாமே பழைய கணக்காகிவிட்டன.

சரி, கவுண்டருக்கு வருகிறேன்.

ஒக்டோபர் பிறந்தால் படுவான்கரைப் பெண்கள் வரத் தொடங்குவார்கள். வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு. பெரும்போக விதைப்பு. உழவுக்கு, விதைநெல்லுக்கு, எண்ணெய்க்கு (களைநாசினியை எண்ணெய் என்றுதான் சொல்வோம்) காசு வேண்டும். தாலிக்கொடி, ஒரு சோடிக் காப்பு, பிள்ளையின் சங்கிலி. முடிச்சவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "கூடக் குடுங்க மனே, மாசியில வந்து எடுப்பன்" என்பார்கள். மாசி, பங்குனியில் வெட்டு மெசின் போய் முடிந்ததும் வந்து எடுப்பார்கள், வெள்ளம் வராவிட்டால், நெல் விலை விழாவிட்டால். விழுந்த வருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிட்டுப் போவார்கள். 2021-இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்தப் போகத்துக்கு வைத்த நகைகளில் பல திரும்பப் போகவே இல்லை.

கடைக்காரரின் நகை வேறு மாதிரி. நோன்புக்கு ஒன்றரை மாதம் முந்திக் காத்தான்குடிக் காக்கா (முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) ஒருவர் வருவார். வட்டி ஹராம் என்று தெரியும், அதனால் மற்றவர்கள் கண்ணில் படாத மாதிரிக் கடைசிக் கதிரையில் இருப்பார். ஆறு பவுண். பெருநாள் முடிந்து பத்து நாளில் காசைக் கொண்டுவந்து வைத்து நகையை எடுத்துவிடுவார். பிறகு சித்திரை வருடப்பிறப்புச் சாமானுக்கு, பிறகு தைப்பொங்கலுக்கு. வாங்குகிற சனம் தமிழ்ச் சனம்தானே. அதே ஆறு பவுண் ஒரு வருடத்தில் மூன்று தடவை உழைத்துவிட்டு வீட்டுக்குப் போகும். கொக்கட்டிச்சோலை அக்காவின் ஆறு பவுண் வருடத்துக்கு ஒருமுறை உழைக்கும், கெட்ட வருடம் உழைக்கவே உழைக்காது. அளவு ஒன்று, தங்கம் ஒன்று. என்னைக் கேட்டால் நீங்கள் வேனில் இருந்து பார்த்த வித்தியாசத்தில் பாதி இதுதான்.

அப்படியானால் தமிழரும் கடை போடலாமே என்பீர்கள். என் கூட்டாளி ஒருவன் ஆரையம்பதியில் உடுப்புக் கடை போட்டான். கையில் காசு இருந்தது. ஆனால் உடுப்புக் கடை கையில் இருக்கிற காசில் ஓடுவதில்லை, கடனில் ஓடுவது. கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைக்காரன் தெரிந்த ஆளுக்குச் சாமானை ஏற்றிவிட்டு இரண்டு மாதம் தள்ளிச் செக் வாங்குவான். தெரியாத ஆளிடம் கைக்காசு கேட்பான். காத்தான்குடிப் பொடியனுக்கு அங்கே ஒரு மாமாவோ மச்சானோ வேலை செய்த கடை இருக்கும். என் கூட்டாளிக்கு யாரும் இல்லை. கடைசியில் பக்கத்துக் காத்தான்குடிக் கடைக்காரர்தான் போனில் "நம்மட பொடியன்தான், குடுங்க" என்று சொல்லி முதல் சாமான் வந்தது. அவருக்குப் போட்டியாகத்தான் கடை போட்டான் என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

இந்தத் தொடுப்பு ஒரு நாளில் வந்ததில்லை. போனதும் அப்படித்தான். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், புலிகளால். அடுத்த கிழமை ஏறாவூர். செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமிருந்த தமிழரில் 158 பேரைப் படையினர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அதோடு படுவான்கரையில் வயல் வைத்திருந்த முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போகவில்லை. வயல் போனவர்கள் இருந்த காசைக் கடையில் போட்டார்கள். தமிழரில் கடை வைத்திருந்தவர்களின் கடை எரிந்தது, உழைக்கிற வயதுப் பிள்ளைகள் இயக்கத்துக்கோ காட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள். படுவான்கரை 2007 வரை புலிகளின் கையில் இருந்ததால் வங்கியும் நல்ல ரோட்டும் பிந்தித்தான் வந்தன. அந்த வயல்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்னும் ஓடுகிறது. ஆட்சியில் முஸ்லிம் அமைச்சர் இருந்ததால்தான் எல்லாம் வந்தது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் அமைச்சர் கட்டடம் கொண்டுவருவார், புறக்கோட்டையில் கடன் வாங்கித் தரமாட்டார்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பெற்றோரின் ஆசை. மட்டக்களப்பு டவுனில் மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814-இல் தொடங்கியது. இருநூறு வருடமாகப் படிப்பு என்றால் உத்தியோகம் என்று எங்கள் தலைக்குள் ஏறிவிட்டது. கையில் பத்து லட்சம் இருந்தால் டியூசனுக்குப் போகும், கடைக்குப் போகாது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்), பாடசாலையில், ஆஸ்பத்திரியில் முன்பு தமிழர் கூடுதலாக இருந்ததற்கு இதுதான் காரணம், அதைக் கண்டு முஸ்லிம்களுக்கு மனத்தாங்கல் இருந்ததும் உண்மை. கல்முனை ஸாஹிராவே 1949-இல்தான் வந்தது. வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்கப் பயந்த முஸ்லிம் பிள்ளைகளுக்காக 1995-இல் தொடங்கிய கல்லூரி பிறகு ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. இப்போது அந்த இடைவெளி பெரிதாக இல்லை. நான் அக்கரைப்பற்றில் இருந்தபோது எங்கள் கிளையில் முஸ்லிம் பெண் பிள்ளைகள்தான் கூட.

சாராயத்தைப் பற்றி யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். தமிழ் ஊர்களில் கசிப்பும் பாரும் வீட்டைத் தின்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு உழைத்து நாளுக்குக் குடிக்கிறவன் குடியை விட்டாலும் நாள் கூலிக்காரன்தான். காத்தான்குடியில் குடி குறைவு, இப்போது ஐஸ் என்கிற தூள் வந்து அங்கேயும் தாய்மார் அழுகிறார்கள்.

குடியைவிடப் பெரிய ஓட்டை கிழமைக் கடன். நுண்கடன் கம்பனிகள் போர் முடிந்ததும் தமிழ்க் கிராமங்களுக்குள்தான் அதிகம் இறங்கின. கணவன் இல்லாத பெண்கள், காணி உறுதி இல்லாதவர்கள், நகை ஏற்கெனவே என் லாச்சிக்குள். பத்துப் பேர் ஒரு குழு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை லோன்காரப் பொடியன் மோட்டார் சைக்கிளில் வந்து மரத்தடியில் இருப்பான். ஒருத்தி கவுண்டரில் அழுதுகொண்டே கடைசித் தோட்டை வைத்தது கிழமைக் கட்டுக்கட்ட. அந்தத் தோட்டின் ஈட்டு வட்டியைக் கட்ட இன்னொரு கம்பனியில் லோன் எடுத்தாள். முஸ்லிம் ஊர்களிலும் இந்தக் கம்பனிகள் போயின, ஆனால் அங்கே வட்டி என்ற சொல்லுக்கு ஒரு கூச்சம் இருந்தது; அவசரத்துக்குச் சொந்தத்துக்குள் கைமாற்று, ஸகாத், பள்ளிவாசல் என்று வேறு வாசல்களும் இருந்தன. எங்களுக்குக் கோயில் திருவிழாவுக்குத்தான் காசு சேரும். இது என் கோபம், விட்டுவிடுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காசு இறங்குகிற இடம் ஒன்று உண்டு: மகளின் வீடு. யாழ்ப்பாணத்தாரின் வழக்குச் சட்டமான தேசவழமை இங்கே இல்லை. இங்கே தாய்வழிக் குடி, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர். கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு எழுதவேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஒருநாள் வாங்கில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், ஒரு முஸ்லிம் தாத்தா (எங்கள் பக்கம் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள்), ஒரு களுவாஞ்சிக்குடி அக்கா. இரண்டு பேருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். சீமெந்து விலை, மேசன் கூலி, ஓடா சீட்டா என்று பத்து நிமிடம். "மூணாவதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று அக்கா கேட்டதற்குத் தாத்தா, "நான் கட்டாருக்குப் போகப் போறன்கா" என்றார். போனார். இரண்டு வருடம் வீட்டு வேலை. அந்த அக்கா போகவில்லை. அவருடைய மூன்றாவது பிள்ளை போனது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, செத்தவர்களில் நிறையப் பேர் பிள்ளைகள். செய்த கூட்டத்தின் தலைவன் காத்தான்குடிக்காரன். அதற்குப் பிறகு பல மாதம் தமிழர் காத்தான்குடிக் கடைக்குப் போகவில்லை. என் மனைவியும் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. ஜூன் மாதம் நான் முன்பு சொன்ன அந்தக் காக்கா வந்தார். இந்தமுறை ஆறு பவுணோடு மனைவியின் வளையல்களும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து பத்து நாளில் வரவில்லை. அடுத்த வருடம் கொரோனா. மூன்று முறை புதுப்பித்தார். வீதியில் இருந்து பார்த்தால் கடையில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அம்பாறைக் கரையைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே கணக்கு தலைகீழ். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றில் வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கும் போடிமார் முஸ்லிம்கள். அவர்களுடைய வயலில் கூலிக்குப் போகிற தமிழர் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. மருதமுனையில் சாறன் நெய்கிற முஸ்லிம் வீடும் எங்கள் ஆரையம்பதியில் தறி வைத்திருந்த தமிழ் வீடும் ஒரே நூல் விலையில் படுத்தன. கல்முனையில் தமிழருக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டும் என்ற சண்டை வெளியில் மானப் பிரச்சினை மாதிரித் தெரியும். அடியில் காணியும் வரியும் இருக்கிறது.

ஆக, கேட்டவருக்கு என் பதில்: கடைக்காரரோடு கடைக்காரரையும் கூலிக்காரரோடு கூலிக்காரரையும் வைத்துப் பார்த்தால் நீங்கள் நினைக்கிற இடைவெளி இல்லை. முஸ்லிம்களில் கடைக்காரர் கூட, அவர்களின் கடை வீதியில் இருக்கிறது. நம்பாவிட்டால் அடுத்தமுறை ஆரையம்பதி தாண்டியதும் வலப்பக்கம் மண்முனைப் பாலத்தில் வேனைத் திருப்பச் சொல்லுங்கள். 2014 வரை அங்கே பாதைதான் ஓடியது (தெப்பப் படகைப் பாதை என்போம்). காலையில் அந்தப் பக்கத்தில் இருந்து மேசன்மாரும் பால் கேன்களும் காத்தான்குடிக்கு வரும். இந்தப் பக்கத்தில் இருந்து உடுப்பு வேன் கடனுக்குக் கொடுக்கப் போகும். பங்குனியில் லொறி லொறியாக ஈர நெல் பாலத்தால் வெளியே போகும், காயவைக்கத் தளம் இல்லாததால் கேட்ட விலைக்கு. ஆவணியில் அதே பாலத்தால் அரிசி மூட்டை திரும்பி வரும். அதை வாங்கக் காசு தேடித்தான் அந்தக் கொக்கட்டிச்சோலை அக்கா என் கவுண்டருக்கு வருவார்.