லெவெட்டிராசெட்டம் டோஸ் கூட்டிய பிறகு வரும் கோபம்

வணக்கம். தம்பிக்கு வலிப்பு மருந்தான லெவெட்டிராசெட்டம் 500 மி.கி. இருவேளை என்றிருந்ததை 1000 ஆக்கியதிலிருந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், தூங்குவதில்லை, பெரம்பூர் வீட்டில் எல்லோரும் பயந்து கிடக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைத் திமிர் என்று திட்டாதீர்கள். எரிச்சல், ஆத்திரம், மனச்சோர்வு இந்த மருந்துக்கு நன்கு தெரிந்த பக்கவிளைவுகள். முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென நின்றால் வலிப்பு விடாமல் தொடரலாம். 5 நிமிடம் தாண்டினால் உடனே 108.

நரம்பியல் ஓ.பி.க்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள்: மாத்திரை நேரம், கோபம் வந்த நேரம், தூக்கம், வலிப்பு வந்த நாள். வலிப்பை ஒட்டிய ஓரிரு நாளில் மட்டும் கோபம் என்றால் காரணம் வலிப்பாகவே இருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் மந்தமானால் உடலில் தேங்கும்.

டோஸைக் குறைப்பது, இதே வகை வலிப்பு மருந்தான பிரிவாராசெட்டத்துக்கு மாற்றுவது இரண்டையும் டாக்டரிடம் கேட்கலாம். லமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்பு மருந்து மனநிலைக்கு நல்லதுதான், ஆனால் வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் அன்றே காட்டுங்கள். இந்தக் கோபத்துக்கு வைட்டமின் பி6 மாத்திரையைச் சிலர் தருவார்கள், அதற்கு ஆதாரம் குறைவு.

சாவதைப் பற்றிப் பேசினால் ஓ.பி. தேதிக்குக் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.