ஜப்பானில் பயணிகளை ஏற்றாத ரயில்வே நிறுவனம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

சரக்கை மட்டுமே நம்பி, சில கிலோமீட்டர் பாதையை வைத்துக்கொண்டு ஒரு ரயில்வே நிறுவனம் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்; ஆனால் சரக்கை இறக்கிய வண்டி காலியாகத் திரும்புகிறதா என்பதே அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

கடலைத் தூர்த்துத் தொழிற்பேட்டைகள் எழுந்த 1960-களில், தேசிய ரயில்வேயும் உள்ளூர் அரசுகளும் ஆலைகளும் கூட்டாக முதலிட்டு இத்தகைய துறைமுக ரயில்வேக்களைத் தொடங்கின. டோக்கியோவுக்கு அருகிலுள்ள சிபா கடற்கரையின் கெய்யோ ரயில்வே 1963-இல் ஓடத் தொடங்கியது. எனக்குப் பிடித்தது, நகோயாவுக்குத் தெற்கே 1971-இல் நிறுவப்பட்ட கினுவுரா ரயில்வே. 1975-இல் திறந்த அதன் ஹண்டா பாதை 3.4 கிலோமீட்டர், கன்டெய்னர்களுக்கானது, அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சுவாரசியம் 1977-இல் திறந்த ஹெக்கினான் பாதையில்தான் இருக்கிறது. ஹெக்கினான் நகரில் 4,100 மெகாவாட் திறனுள்ள பிரம்மாண்டமான அனல்மின் நிலையம் உண்டு. நிலக்கரி கப்பலில் வந்துவிடுகிறது. ஆனால் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை நீக்கச் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும், எரித்தபின் மிஞ்சும் உலர் சாம்பலையும் எங்காவது அனுப்பியாக வேண்டும். மியே மாகாணத்தின் ஃபுஜிவாராவிலுள்ள சிமென்ட் ஆலைக்கோ சுண்ணாம்புக்கல் மலையே பக்கத்தில் இருக்கிறது, சாம்பலும் அதற்கு மூலப்பொருள். ஆகவே அங்கிருந்து தூளை ஏற்றி வரும் அதே அடித்திறப்பு வேகன்கள், இங்கே சாம்பலை நிரப்பிக்கொண்டு திரும்பும்படி ஏற்பாடு செய்தார்கள். துறைமுகப் பாதையில் கினுவுராவின் டீசல் என்ஜின், ஹிகாஷியுரா நிலையத்திலிருந்து நாடு முழுவதும் சரக்கு ரயில்களை ஓட்டும் ஜேஆர் சரக்கு நிறுவனம், தொமிதா நிலையத்துக்கு அப்பால் உள்ளூர் நிறுவனமான சங்கி ரயில்வேயின் மின்சார என்ஜின் என மூன்று நிறுவனங்கள் ஒரே வண்டியை மாறி மாறி இழுக்கின்றன. இரு திசையிலும் கட்டணம் கிடைக்கும் இந்த வசதியைப் பல பெரிய ரயில்வேக்களே பொறாமையுடன் பார்க்கும்.

ஆயினும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 2024-இல் அதே மின்நிலையத்தின் நான்காம் அலகில் நிலக்கரியில் 20 சதவீதத்துக்குப் பதிலாக அம்மோனியாவை எரித்துச் சோதித்தார்கள். அம்மோனியாவை எரித்தால், திரும்பும் வண்டியில் ஏற்றச் சாம்பல் மிஞ்சாது.