4 வயசு பையனுக்கு ஆர்பிஐ போடணும்னு டீச்சர் சொல்றாங்க, அப்படின்னா என்ன?

சுங்கை சிப்பூட் பக்கம் தோட்டத்துல இருக்கோம், பையன் இன்னும் சரியா பேசல, பாலர் பள்ளி டீச்சர் ஆர்பிஐ பத்தி சொன்னாங்கன்னு கேட்டிருக்கீங்க தங்கச்சி. பயப்படாதீங்க லா.

ரஞ்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு, அதத்தான் சுருக்கமா ஆர்பிஐன்னு சொல்றாங்க. உங்க பையனுக்குன்னே எழுதுற கல்வித் திட்டம், இப்ப அவனால என்ன முடியுது, அடுத்து எத கத்துக்கணும், யாரு சொல்லிக் குடுப்பாங்க, எப்ப திரும்ப செக் பண்ணுவாங்க, இதெல்லாம் அதுல இருக்கணும். "பேச்சு முன்னேறணும்"னு மொட்டையா எழுதினா கையெழுத்து போடாதீங்க, அத எப்படி அளப்பாங்க? "தண்ணி வேணும்னா கப்ப காட்டியோ வாயால சொல்லியோ கேட்கணும், வீட்லயும்தான்"னு எழுதச் சொல்லுங்க.

அமெரிக்காவுல 3 வயசு வரைக்கும் குடும்பத்தையும் சேர்த்தே திட்டம் போடணும்னு சட்டமே இருக்கு, 6 மாசத்துக்கு ஒரு தடவை ரிவியூ வேற. இங்க மலேசியாவுல யாரும் கேட்கலன்னா நீங்களே சொல்லிடுங்க, விடியக்காலையில வேலைக்குப் போயிடுவோம், பாட்டிதான் பாத்துக்குறாங்க, வீட்ல தமிழ்தான்னு. பாட்டியால செய்ய முடியாத பயிற்சிய பேப்பர்ல எழுதி என்ன பிரயோஜனம்?

முதல்ல கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) போய் காது டெஸ்டுக்கு லெட்டர் கேளுங்க, காது சரியா கேக்கலன்னாலும் பேச்சு வராது. ஓகேயு கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி கார்டுக்கு, டாக்டர் உறுதிப்படுத்தணும், விண்ணப்பப் பாரத்த ஜேகேஎம்ல (சமூகநல இலாகா) குடுக்கணும். பக்கத்துல பிடிகே (சமூக மறுவாழ்வு மையம்) இருக்கான்னும் அங்கயே விசாரிங்க. கார்டு வரட்டும்னு பயிற்சிய மட்டும் தள்ளிப் போடாதீங்க.