சி டிரைவில் நேராக உட்கார்ந்திருக்கும் பில்லிங் மென்பொருள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் நிற்கும் பையன்களுக்கு விண்டோசில் அட்மின் அதிகாரம் இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்குதான் கொடுத்திருக்கிறேன். பில் போடும் மென்பொருளை விற்றவர், அதை சி டிரைவில் தனி ஃபோல்டராகப் போட்டுவிட்டுப் போனார். மென்பொருளில் யாரும் கைவைக்காமல் இருக்க, ஸ்டாண்டர்ட் கணக்கு இருந்தால் போதும்தானே?

பதில்: போதாது. கணக்கு சரி, ஃபோல்டர் இருக்கும் இடம்தான் தவறு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே இருப்பதை ஸ்டாண்டர்ட் கணக்கு படிக்கலாம், ஓட்டலாம், மாற்ற முடியாது. ஆனால் சி டிரைவில் நேராகத் திறக்கும் புது ஃபோல்டருக்கு, ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்ற பெயரில், அந்தக் கணினியில் நுழைகிற எல்லாருக்கும் ‘மாடிஃபை’ உரிமையை, அதாவது உள்ளே இருப்பதை மாற்றவும் அழிக்கவும் அனுமதியை, விண்டோஸ் தானாகவே கொடுத்துவிடும். டி டிரைவிலும் வழக்கமாக இதே கதைதான்.

இத்தகைய மென்பொருள்கள் பல, பின்னணியில் ஒரு சர்வீசை, அதாவது யாரும் திறக்காமலே தானாக ஓடும் புரோகிராமை, ஓடவிடும். ‘சர்வீசஸ்’ பட்டியலில் அதன் ‘லாக் ஆன் ஆஸ்’ பகுதியைப் பாருங்கள். ‘லோக்கல் சிஸ்டம்’ என்றிருந்தால் அது அட்மினைவிடப் பெரிய கை. கல்லாவில் நிற்பவர் அந்த சர்வீஸ் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரில் வேறொன்றை அங்கே வைத்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெயரை மாற்றலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்ததும், புதிதாக வைத்தது முழு அதிகாரத்தோடு ஓடும், பாஸ்வோர்டு கேட்காது. பையன் தங்கமானவனாகவே இருக்கட்டும், அவன் செருகும் பென்டிரைவில் வரும் வைரசுக்கும் இதே வழி திறந்துதான் கிடக்கிறது.

அட்மின் கணக்கில் நுழைந்து, ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் வரை போங்கள். மேலே ‘ஓனர்’ இடத்தில் கல்லாக் கணக்கின் பெயர் இருந்தால், உள்ளே உள்ள கோப்புகளுக்கும் சேர்த்து ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த உரிமையை அந்தக் கணக்கில் நுழைபவர் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிறகு ‘டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ அழுத்துங்கள், சி டிரைவிலிருந்து உரிமைகள் தானாக இறங்குவது நிற்கும். வரும் தெரிவுகளில் ‘கன்வர்ட்’ என்று தொடங்குவதையே அழுத்துங்கள். மற்றது மேலிருந்து வந்த உரிமைகளை மொத்தமாகத் துடைத்துவிடும். இப்போது ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் வரியை நீக்குங்கள். ‘யூசர்ஸ்’ வரியில் ‘ரீட் அண்ட் எக்ஸிக்யூட்’ இருக்கட்டும்.

இதைத் தோட்டத்துச் சம்பள நாளில் செய்யாதீர்கள். பில் விவரங்களைச் சேமிக்கும் கோப்பும் அதே ஃபோல்டரில் கிடந்தால், கூட்டம் வரிசையில் நிற்கும்போது பில் சேமிக்காமல் ‘ஆக்சஸ் டினைட்’ என்று முரண்டு பிடிக்கும். விற்றவரைக் கூப்பிட்டால் ‘எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்’, அதாவது எல்லாருக்கும் முழு உரிமை, போடச் சொல்லக்கூடும். அதற்கு முன்பிருந்ததே தேவலை. தரவு மட்டும் இருக்கிற உள் ஃபோல்டருக்கு யூசர்ஸ் பெயரில் மாடிஃபை கொடுங்கள். அதற்குள் இஎக்ஸ்இ, டிஎல்எல் போன்ற புரோகிராம் கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முடித்ததும் கல்லாக் கணக்கில் நுழைந்து, ஏதாவது ஒரு படத்தை மென்பொருள் ஃபோல்டருக்குள் ஒட்டிப் பாருங்கள். அட்மின் பாஸ்வோர்டு கேட்க வேண்டும்.