இரத்தத்தில் இல்லையென்றால் முதுகுத் தண்ணீரில் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. மூன்று கிழமையாக நித்திரை இல்லை, காரணமில்லாமல் கத்துகிறாள், பேச்சும் குறைந்துவிட்டது. ஒருமுறை வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கானில் ஒன்றும் இல்லையாம். இரத்தத்தில் என்.எம்.டி.ஏ. அன்டிபொடியும் இல்லையாம். மனநோய் என்கிறார்கள். ஒரு முகவர், இரத்தத்தை இந்தியாவுக்கு அனுப்பிப் பெரிய பரிசோதனை செய்யலாம் என்கிறார். செய்யலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

அந்தக் காசைக் கொடுக்காதீர்கள், அம்மா. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அது அதே இரத்தம்தான். இங்கே சந்தேகிக்க வேண்டியது என்.எம்.டி.ஏ. மூளை அழற்சி: உடலின் சொந்த எதிர்ப்பொருளே (அன்டிபொடி) மூளையைத் தாக்கும் நோய். அந்த அன்டிபொடியை முதுகுத் தண்ணீரில்தான் (மூளையைச் சூழ்ந்த நீர், முதுகில் ஊசி குத்தி எடுப்பது) நம்பித் தேடலாம். நோய் உறுதியானவர்களிலேயே ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு இரத்தம் 'இல்லை' என்று பொய் சொல்கிறது. முகவர் காட்டும் நீண்ட பட்டியலில் பாதி, பெரியவர்களின் புற்றுநோயோடு வரும் அன்டிபொடிகள். உங்கள் மகளுக்கு அவற்றால் பயனில்லை.

ஸ்கானையும் நம்பி இருக்க வேண்டாம். தொடக்கத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது சரியாகவே இருக்கும். ஈ.ஈ.ஜி.யில்தான் (மூளையின் மின் அலைப் பதிவு) பெரும்பாலும் கோளாறு தெரியும். அதை எடுத்தார்களா?

விழித்திருக்கும்போது பிள்ளையின் வாயைக் கவனியுங்கள். வெறும் வாயை மெல்லுகிறாளா, நாக்கை வெளியே தள்ளுகிறாளா, விரல்கள் தாமாக நெளிகின்றனவா? போனில் இரண்டு நிமிடம் படம் பிடியுங்கள். நடத்தை மாற்றம், பேச்சுக் குறைவு, வலிப்பு என்று மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. இந்த அசைவும் இருந்தால் நான்கு. அதோடு ஈ.ஈ.ஜி. அல்லது முதுகுத் தண்ணீர் கோளாறாக இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால், அன்டிபொடி ரிப்போட் வராமலே சிகிச்சை தொடங்க 2016இல் வந்த சர்வதேச வரையறை இடம் தருகிறது. அப்படியிருக்க, ரிப்போட் வரட்டும் என்று பிள்ளையை நாட்கணக்கில் வாட்டில் கிடத்துவதும், மனநலப் பிரிவுக்கும் நரம்பியல் பிரிவுக்கும் இடையில் அலைக்கழிப்பதும் பொறுக்க முடியாதவை.

சிகிச்சை, மெதில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து, நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் (நாளுக்கு 1 கிராமுக்கு மேற்படாமல்) 3 முதல் 5 நாள். அதோடு இம்யூனோகுளோபுலின், மொத்தம் கிலோவுக்கு 2 கிராம். இம்யூனோகுளோபுலின் ஏற்றுமுன் இரத்தம், முதுகுத் தண்ணீர் மாதிரிகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். அது பிறருடைய அன்டிபொடிகளால் ஆனது. ஏற்றிய பிறகு எடுக்கும் இரத்தம் குழப்பும். முதுகுத் தண்ணீர் எடுக்கும்போது இன்னொரு குழாயில் 1 மில்லிலீட்டர் கூடுதலாக எடுத்துக் குளிரில் வைத்தால், இரண்டாவது தடவை ஊசி குத்த வேண்டிவராது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஹெர்பிஸ் வைரஸ். அதுவும் மூளையைத் தாக்கி இப்படியே காட்டலாம். அது இல்லையென்று முதுகுத் தண்ணீரில் செய்யும் பீ.சீ.ஆர். (வைரஸைத் தேடும் பரிசோதனை) காட்டும்வரை, அதற்கான மருந்தாகிய அசைக்ளோவிரை நிறுத்தக் கூடாது. முதல் மூன்று நாளில் எடுத்த பீ.சீ.ஆர். தவறலாம், சந்தேகமிருந்தால் திரும்ப எடுக்க வேண்டும். ஹெர்பிஸ் சுகமாகிச் சில கிழமைகளில் பிள்ளை மறுபடி கை கால் நெளிய, பேச்சு நிற்கக் கிடந்தால், 'வைரஸ் திரும்பிவிட்டது' என்று வைரஸ் மருந்தை மட்டும் தொடர்ந்து கொடுப்பார்கள். பல நேரம் அது வைரஸ் கிளப்பிவிட்ட இதே அன்டிபொடி நோய். அப்போதும் முதுகுத் தண்ணீர்தான் பதில் சொல்லும்.

மனநோய் மாத்திரை தொடங்கியபின் கழுத்து, கை கால் இறுகினாலோ காய்ச்சல் ஏறினாலோ அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் நரம்பியல் நிபுணரைப் பார்க்க முடியும். போகும்போது போன் படத்தோடு ஸ்கான் சீடியையும் கொண்டு போங்கள், ரிப்போட் தாள் மட்டும் போதாது.