த்ரெட்டிங் பண்ணலாம், வேக்சிங் பண்ணக்கூடாது: டெக்சஸ் லைசென்ஸ் பத்தி ஒரு பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் டல்லஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஈரோட்ல சின்னதா ஒரு பார்லர் வெச்சிருந்தேன், பியூட்டிஷியன் கோர்ஸ் முடிச்ச சர்டிபிகேட்டும் இருக்கு. இங்க வந்தப்புறம் எங்க அபார்ட்மெண்ட்ல நம்மூர் பொண்ணுங்களுக்கு ஐப்ரோ எடுத்துவிட ஆரம்பிச்சேன், முதல்ல சும்மாதான், அப்புறம் அவங்களே காசு குடுக்க ஆரம்பிச்சாங்க. இப்ப வாட்ஸ்அப் குரூப்ல என் நம்பர் சுத்துது, வேக்சிங், ஃபேஷியல், ஹேர்கட் எல்லாம் கேக்கறாங்க, ஒன்னு ரெண்டு பேருக்கு பண்ணியும் விட்டுட்டேன். போன வாரம் ஒருத்தங்க, லைசென்ஸ் இல்லாம பண்ணா ஸ்டேட்ல ஃபைன் போடுவாங்க, விசாவுக்கே பிரச்சனை ஆகும்னு பயமுறுத்திட்டாங்க. வீட்டுக்காரர் எல்லாத்தையும் நிறுத்துங்கறார். நான் எச்4ல இருக்கேன், வீட்டுக்காரரோட எச்1பி வேலை விசாவ வெச்சு மனைவிக்கு குடுக்கற விசா. என் இந்தியா சர்டிபிகேட் இங்க செல்லாதா? இத்தன வருஷம் செஞ்ச வேலைக்கு மறுபடியும் ஸ்கூலுக்கு போகணுமாக்கா? மனசுக்கு கஷ்டமா இருக்கு.

— ஃப்ரிஸ்கோ வாசகி

பதில்: உங்க லெட்டர்ல நாலஞ்சு விஷயம் ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு கிடக்குதும்மா, உங்க பயத்துக்கு காரணமே அதுதான். பிரிச்சு பாத்தா பாதிக்கு மேல தீர்ந்துடும். முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். டெக்சஸ்ல த்ரெட்டிங்குக்கு லைசென்ஸ் வேண்டாம். வேக்சிங், ஃபேஷியல், ஹேர்கட், ஹேர் கலர் எல்லாத்துக்கும் வேணும், அதனால அதெல்லாம் இன்னைக்கே நிறுத்துங்க. ஆனா லைசென்ஸுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது விசா.

எச்4ல இருக்கேன்னு எழுதியிருக்கீங்க, இஏடி கார்டு, அதாவது இங்க வேலை பாக்க அனுமதி குடுக்கற கார்டு, இருக்கான்னு எழுதல. அந்த கார்டு இருந்தா நீங்க எங்க வேணா வேலை பாக்கலாம், சொந்தமா தொழிலும் பண்ணலாம், வீட்ல உக்காந்து ஐப்ரோ எடுக்கறதும் அதுல அடக்கம். இல்லன்னா ஒரு டாலர் கூட வாங்கக்கூடாது, காசுக்கு பதிலா கிஃப்ட் கார்டு, புடவைன்னு வாங்கிக்கறதும் கூடாது, அதுவும் சம்பளம் வாங்கின கணக்குதான். உங்க வீட்டுக்காரரோட ஐ-140, அதாவது கிரீன்கார்டுக்காக கம்பெனி போடற மனு, அப்ரூவ் ஆகியிருந்தாலோ, இல்ல கிரீன்கார்டு ப்ராசஸ் வெச்சு அவரோட எச்1பி ஆறு வருஷத்த தாண்டி நீட்டிச்சிருந்தாலோ நீங்க இஏடிக்கு அப்ளை பண்ணலாம், இன்னைக்கே அவர்கிட்ட கேளுங்க. கார்டு இல்லாம இதுவரைக்கும் காசு வாங்கியிருந்தீங்கன்னா உடனே நிறுத்திட்டு, அடுத்து எந்த ஃபார்ம் ஃபைல் பண்றதுக்கு முன்னாடியும் ஒரு இமிகிரேஷன் வக்கீல பாத்து நடந்தத நடந்தபடி சொல்லிடுங்க, வாட்ஸ்அப் குரூப்ல கேக்காதீங்க. அந்தம்மா உங்கள பயமுறுத்தினதுல இந்த ஒரு விஷயம் நிஜம்.

இப்ப த்ரெட்டிங்குக்கு வருவோம், இத கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நீங்க இன்னைக்கு பயமில்லாம நூல கையில எடுக்க முடியுதுன்னா அதுக்கு பின்னாடி நம்மள மாதிரி ஊர்ல இருந்து வந்தவங்க நடத்தின ஒரு வழக்கு இருக்கு. முன்னாடி டெக்சஸ்ல த்ரெட்டிங் பண்றதுக்கும் ஃபேஷியல், வேக்சிங் வேலைக்கான எஸ்தடீஷியன் லைசென்ஸ் கேட்டாங்க, அதாவது 750 மணி நேரம் ஸ்கூல்ல உக்காரணும், அப்புறம் பரீட்சை எழுதணும், அப்ப அந்த கோர்ஸுக்கு 3,500ல இருந்து 9,000 டாலர் வரைக்கும் ஆச்சு. அவ்வளவு காசு கட்டி போனாலும் த்ரெட்டிங் சொல்லித்தரணும்னு அந்த ஸ்கூல்களுக்கு கட்டாயம் இல்ல. டிடிஎல்ஆர்னு சொல்ற டெக்சஸ் லைசென்ஸிங் டிபார்ட்மெண்ட்ல இருந்து இன்ஸ்பெக்டர்கள் மால்ல இருக்கற ஐப்ரோ கடைகளுக்கு போய் நோட்டீஸ் குடுத்தாங்க. ஆஷிஷ் பட்டேல்ங்கறவரும் இன்னும் சில கடைக்காரங்களும், அங்க வேலை பாத்த த்ரெட்டிங் பெண்களும் சேர்ந்து 2009 டிசம்பர்ல அரசாங்கத்து மேலயே கேஸ் போட்டாங்க. கீழ் கோர்ட்ல தோத்தாங்க, அப்பீல்லயும் தோத்தாங்க, விடல. 2015 ஜூன் 26ம் தேதி டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூணுன்னு அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு.

அந்த தீர்ப்புல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒன்னு இருக்கு. 750 மணி நேரத்துல 320 மணி நேரம் வரைக்கும் த்ரெட்டிங்குக்கு சம்பந்தமே இல்லாத படிப்புன்னு அரசாங்க தரப்பே ஒத்துக்கிச்சு. சம்பந்தமில்லாத படிப்ப படிச்சாத்தான் பொழைக்கலாம்னு கட்டாயப்படுத்தறது வெறும் தொந்தரவு இல்ல, மாநில அரசியல் சட்டத்துக்கே விரோதமான கொடுமைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. இப்ப டெக்சஸ் சட்டத்துலயே த்ரெட்டிங்க அழகுக்கலை லைசென்ஸ்ல இருந்து விலக்கி எழுதியிருக்காங்க, நூல வெச்சு முடிய எடுக்கறது, கூடவே புருவ முடிய கொஞ்சம் கத்தரியால ட்ரிம் பண்றது, இது ரெண்டும் அதுல வரும். இன்னொன்னும் கவனிங்க, எச்4 இஏடி நடைமுறைக்கு வந்தது 2015 மே 26. ஒரே மாசத்துக்குள்ள உங்கள மாதிரி ஒரு பொண்ணுக்கு ரெண்டு கதவு திறந்திருக்கு.

நம்மாளுங்க மட்டும் போராடலம்மா. அதே டல்லஸ்ல ஐசிஸ் பிரான்ட்லின்னு ஒரு கறுப்பின பெண்மணி, தலைமுடி பின்னிவிடற தொழில் பண்றவங்க, லைசென்ஸ் இல்லன்னு 1997ல அவங்கள கைதே பண்ணாங்க. பிறகு அவங்க பின்னல் சொல்லித்தர ஸ்கூல் நடத்த நினைச்சப்போ பார்பர் காலேஜ் விதியெல்லாம் அவங்க தலையில கட்டினாங்க, 2,000 சதுர அடி இடம் வேணும், பத்து பார்பர் சேர் வேணும், ரெண்டு சேருக்கு ஒரு சிங்க் வேணும்னு. பின்னல் போடறதுக்கு எதுக்குங்க சிங்க்? அவங்களும் கோர்ட்டுக்கு போய் 2015 ஜனவரியில ஜெயிச்சாங்க, அந்த வருஷமே பின்னலுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு டெக்சஸ் சட்டம் போட்டுச்சு.

இதெல்லாம் படிச்சிட்டு அப்ப லைசென்ஸே அநியாயம்தானேன்னு தோணும், அங்கதான் நான் உங்ககிட்ட கொஞ்சம் கண்டிப்பா பேசணும். வேக்சிங் வேற விஷயம். ஒருத்தங்க கைக்கு வேக்ஸ் தடவின அதே குச்சிய மறுபடி டப்பால முக்கி எடுத்து அடுத்தவங்க அண்டர்ஆர்ம்ஸ்ல தடவறத நம்மூர் பார்லர்ல நானே நிறைய தடவ பாத்திருக்கேன், யாரும் தப்பா நினைக்கறதில்ல. அவங்க தோல்ல இருக்கற கிருமியும், சில நேரம் ரத்தமும் டப்பாக்குள்ள போயிடும். தோல்ல பட்ட குச்சிய திரும்ப டப்பால விடவே கூடாது, ஒவ்வொரு தடவ முக்கறதுக்கும் புது குச்சி. அப்புறம், முகத்துக்கு பருவுக்காக ட்ரெட்டினாயின், அடாபலீன் மாதிரி க்ரீம் போடறவங்க இங்க ஏராளம், டாக்டர் குடுத்ததுன்னு உங்ககிட்ட சொல்லவும் மாட்டாங்க. அவங்களுக்கு அப்பர் லிப்ல வேக்ஸ் போட்டு இழுத்தீங்கன்னா முடியோட மேல்தோலும் உரிஞ்சு வந்துடும், செவசெவன்னு ஆகி அப்புறம் நம்ம நிறத்துக்கு அது கருப்பு தழும்பா நிக்கும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, அத நிறுத்தி ஆறு மாசமாவது போனப்புறம்தான் வேக்ஸ் போடணும்னு தோல் டாக்டர்களே சொல்வாங்க. ஈரோட்ல நீங்க எத்தனை பேருக்கு பண்ணீங்கங்கறது இதுக்கு பதில் ஆகாது. வேக்ஸ் போடறதுக்கு முன்னாடி என்ன க்ரீம் போடறீங்க, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டிருந்தீங்களா? ஹேர் கலர்ல இருக்கற பிபிடிங்கற கெமிக்கலுக்கு சிலருக்கு முகமே வீங்கிடும், அதுக்குத்தான் ரெண்டு நாள் முன்னாடி பேட்ச் டெஸ்ட் பண்றது. அமெரிக்காவுல முதல்ல பார்பர்களுக்கு லைசென்ஸ் கொண்டுவந்தது 1897ல மின்னசோட்டா மாநிலம், அப்ப ஒரே டவல், ஒரே கத்தின்னு கடைக்கு கடை தாடி சொறி பரவின காலம். அந்த காரணம் இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. அதனால நூலுக்கு 750 மணி நேரம் கேட்டது அக்கிரமம், வேக்ஸுக்கும் கெமிக்கலுக்கும் படிச்சிட்டு வான்னு சொல்றது நியாயம், இதுதான் என் அபிப்ராயம்.

உங்க சர்டிபிகேட் பத்தி கேட்டீங்க. வேற மாநிலத்துலயோ வேற நாட்லயோ லைசென்ஸ் வெச்சிருந்து அங்க இருக்கற தகுதியும் டெக்சஸுக்கு சமமா இருந்தா மாத்தி குடுக்க வழி இருக்கு. ஆனா நம்ம நாட்ல பியூட்டிஷியனுக்கு அரசாங்கம் குடுக்கற லைசென்ஸ்னு ஒன்னு கிடையாது, கடைக்குத்தான் லைசென்ஸ், ஆளுக்கு இல்ல. நீங்க வெச்சிருக்கறது ஒரு இன்ஸ்டிட்யூட் குடுத்த சர்டிபிகேட். அதனால மாத்தறதுக்கு உங்ககிட்ட எதுவும் இல்ல, இத அவமானமா எடுத்துக்காதீங்க, உங்க கைத்திறமைய யாரும் குறை சொல்லல.

அப்ப ஸ்கூலுக்கு போகணுமான்னா, வேக்சிங்கும் ஃபேஷியலும் பண்ணணும்னு ஆசை இருந்தா போகத்தான் வேணும். எஸ்தடீஷியனுக்கு 750 மணி நேரம். முடி வெட்டணும், கலர் பண்ணணும்னா காஸ்மெட்டாலஜி ஆபரேட்டர், அது முன்னாடி 1,500 மணி நேரமா இருந்தது, 2019ல போட்ட சட்டத்துல 1,000ஆ குறைச்சிட்டாங்க. பார்பருக்கும் 1,000தான், 2021ல பார்பர் சட்டத்தையும் காஸ்மெட்டாலஜி சட்டத்தையும் ஒன்னா சேர்த்துட்டாங்க. நெயில்ஸ் மட்டும்னா 600. என்ன கேட்டா எஸ்தடீஷியன் எடுங்கம்பேன், உங்ககிட்ட வர்றவங்க கேக்கறதுல முக்காவாசி அதுலயே வந்துடும். லைசென்ஸ் வந்தப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ரெனியூ பண்ணணும், அப்ப 4 மணி நேரம் கிளாஸ் இருக்கு, அதுல மனித கடத்தல எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு பாடமும் வரும், சலூன் சேர்ல உக்கார்ற பொண்ணுதான் சில நேரம் வாய் திறந்து சொல்லுவாங்கறதால வெச்சிருக்காங்க, ரொம்ப நல்ல ஏற்பாடு.

முக்கியமான விஷயம், படிக்கறதுக்கு இஏடி வேண்டாம். எச்4ல இருக்கறவங்க தாராளமா ஸ்கூல் சேரலாம். இஏடி வர்ற வரைக்கும் வீட்ல சும்மா உக்காந்து மனசு நொந்து போறதுக்கு பதிலா அந்த மாசங்கள்ல மணி நேரத்த முடிச்சிடலாம். சேர்றதுக்கு முன்னாடி அந்த ஸ்கூலுக்கு டிடிஎல்ஆர் லைசென்ஸ் இருக்கான்னு டிடிஎல்ஆர் சைட்லயே தேடி பாருங்க, பணம் கட்டி ஏமாந்துடாதீங்க. கிட், புக் எல்லாம் ஃபீஸ்ல சேர்ந்ததா, பாதியில நிறுத்தினா எவ்வளவு திரும்ப வரும், ரெண்டையும் எழுத்துல வாங்கிக்கங்க. பக்கத்துல கம்யூனிட்டி காலேஜ்ல இந்த கோர்ஸ் இருந்தா அதையும் விசாரிங்க.

ஃபைன் பத்தி பயந்தீங்கல்ல, டிடிஎல்ஆர் ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 5,000 டாலர் வரைக்கும் போட சட்டத்துல இடம் இருக்கு. எடுத்த உடனே அவ்வளவு போடுவாங்கன்னு இல்ல, ஆனா யார் வேணா ஆன்லைன்ல ஒரு கம்ப்ளெயின்ட் போட்டா போதும், உங்க வாட்ஸ்அப் மெசேஜ் ஸ்க்ரீன்ஷாட்டே ஆதாரம் ஆகிடும். அதனால குரூப்ல போட்டிருக்கற லிஸ்ட்ல இருந்து வேக்சிங், ஃபேஷியல், ஹேர்கட் எல்லாத்தையும் எடுத்துடுங்க. இஏடி இருந்தா த்ரெட்டிங் மட்டும்னு போடுங்க, இல்லன்னா அதையும் எடுத்துடுங்க.

லைசென்ஸ் வேண்டாம்னா சுத்தமும் வேண்டாம்னு அர்த்தம் இல்ல. நூலோட ஒரு முனைய பல்லுல கடிச்சு பிடிக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, கழுத்துல மாட்டிக்கிட்டு பண்ற முறை இருக்கு, ரெண்டு வாரத்துல கை பழகிடும். ஒரு ஆளுக்கு ஒரு நூல், முடிஞ்சதும் குப்பையில. கத்தரிய ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல டிஸ்இன்ஃபெக்டன்ட்ல போட்டு எடுங்க. புருவத்து பக்கத்துல தட்டையா சின்ன சின்ன மரு இருந்தாலோ, கண்கட்டி, பழுத்த பரு இருந்தாலோ அன்னைக்கு எடுக்காதீங்க, நூல் இழுக்கற வழியிலேயே மரு வரிசையா பரவும். பட்டேல் கேஸ்ல அரசாங்கம் தொற்று பரவும்னு சொன்ன வாதத்துல இது நிஜமான பகுதி.

அபார்ட்மெண்ட் லீஸ எடுத்து வீட்ல தொழில் பண்ணக்கூடாதுன்னு போட்டிருக்கான்னு படிங்க, நிறைய லீஸ்ல இருக்கும். இஏடியோட சம்பாதிக்கறது செலவு போக வருஷத்துக்கு 400 டாலர தொட்டாலே செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ் கணக்கு காட்டணும், ஸெல்லிங்கற பணம் அனுப்பற ஆப்ல வந்தாலும் கேஷா வந்தாலும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்த பதில காட்டுங்க. எல்லாத்தையும் நிறுத்துன்னு அவர் சொல்றது விசா பயத்துல, அது தப்பு இல்ல, ஆனா எத நிறுத்தணும் எத நிறுத்த வேண்டாம்னு ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பாருங்க. ஐ-140 நிலவரம் தெரிஞ்சதும், ஸ்கூல் ஃபீஸ் விவரம் கையில வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்க, எந்த கோர்ஸ், பகல் கிளாஸா சாயங்கால கிளாஸான்னு அப்ப பேசி முடிவு பண்ணலாம்.